நாடித்தட்டின் மேல் விரித்த துண்டு

நகராட்சியில் அழப் போகும்போது எந்தச் சேலையைக் கட்டுவது என்பதில் வர்ஷினிக்குக் குழப்பமே கிடையாது. அலமாரியின் அடித்தட்டில் அதற்கென்றே ஒன்று இருந்தது. சாயம் போன நீலம், முந்தானையில் ஒரு ஒட்டு. வங்கியில் தவணையைத் தள்ளிக் கேட்கவும், நூல் மில்காரரிடம் கடனை நீட்டிக்கவும் அதைத்தான் கட்டிப் போவாள். வளையல்களைக் கழற்றி வைத்தாள். கம்மலை மட்டும் கழற்றவில்லை, இடது கம்மலுக்குள்தான் வழிச்சொல்லி இருந்தது. காளிங்கவலசில் அது இல்லாமல் யாரும் வாசற்படி தாண்டுவதில்லை. எந்தச் சந்தில் சாக்கடை உடைந்திருக்கிறது, எந்தக் கடையில் இன்று சரக்கு நன்றாயிருக்கிறது, எங்கே திரும்ப வேண்டும் என்றெல்லாம் காதோடு சொல்லிக்கொண்டே வரும்.

நகராட்சிக் கூடத்தில் அவள் கடை இருந்த நூல்கடை வீதியே வரிசையில் நின்றது. அவளுக்குப் பின்னால் எதிர்க்கடைப் பாத்திர வியாபாரி தர்ஷன், வார் அறுந்த ஒற்றைச் செருப்போடு வந்து சேர்ந்தார். வர்ஷினி, தர்ஷன் என்றெல்லாம் பெயர் வைத்தால் பிள்ளைகளுக்கு வயதே ஆகாது என்று நினைத்த தலைமுறையின் வாரிசுகள். இப்போது இருவருக்கும் முட்டி வலி.

"என்னுங்கக்கா, வங்கிச் சேலையக் கட்டிக்கிட்டு வந்துட்டீங்களாட்ட இருக்குது?"

"உன்ற செருப்பு மட்டும் என்னவாம்? விற்பனை வரிக்காரர் வந்தப்பப் போட்டிருந்ததுதான?"

"அது இதோட ஜோடிங்கக்கா. அத நாய் கொண்டுக்கிட்டுப் போயிருச்சு. இருந்திருந்தா ரெண்டும் அறுந்து இன்னும் பாவமா இருந்திருக்கும்."

வந்திருந்தது சிறுவணிகர்களுக்கான சொத்துவரிச் சலுகைக்கு. கால் பங்கு தள்ளுபடி, அரைப் பங்கு, முழுப் பங்கு என்று மூன்று படிகள். கடை எவ்வளவு நலிந்திருக்கிறதோ அவ்வளவு சலுகை. முன்பெல்லாம் இதற்குக் கணக்கு, சான்றிதழ், நகல், நகலுக்கு ஒரு நகல் என்று காகிதம் கேட்பார்கள். காகிதம் எதை வேண்டுமானாலும் சொல்லும் என்பது இரண்டு தரப்புக்கும் தெரிந்திருந்தது. அதனால் இந்த ஆண்டு காகிதத்தை எடுத்துவிட்டு மெய்யறியை வைத்திருந்தார்கள். கையை அதன் தட்டில் வைத்துவிட்டு வாயால் சொன்னால் போதும். சொல்வது உண்மையா பொய்யா என்பதை நாடி சொல்லிவிடும்.

"ஒருமதிப்பு, ஒருமதிப்புங்கறாங்களே, அதுக்கும் இதுக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குங்களாக்கா?" என்று தர்ஷன் கேட்டார்.

"அதெல்லாம் கவர்மெண்டு பேச்சு. வரிக்குச் சொன்னது வரியோட போயிரும்."

வீதி முழுவதும் அப்படித்தான் நம்பியது. நம்பாமல் என்ன செய்யும்? அவர்கள் அறிந்த உலகத்தில் ஒரு கட்டடத்துக்கு நாலு விலை இருந்தது. வரிக்காரருக்கு ஒன்று, வங்கிக்கு ஒன்று, வாங்க வருகிறவனுக்கு ஒன்று, பெண் கொடுக்க வருகிறவனிடம் சொல்ல ஒன்று. நாலும் ஒன்றையொன்று சந்திக்காமல் பார்த்துக்கொள்வதற்குப் பெயர்தான் வியாபாரம். அந்த நாலையும் ஒன்றாக்கி, ஒரு சொத்துக்கு ஊரெங்கும் ஒரே மதிப்புத்தான் என்று போன வருடம் சட்டம் வந்தபோது, நூல்கடை வீதி வியாபாரிகள் சங்கம் அதைப் பாராட்டித் தீர்மானம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டது.

வர்ஷினிக்கு அரைப் பங்கு கிடைத்தால் போதும். அந்தக் கடைக்கு அவள் அப்பா காலமெல்லாம் வாடகை கொடுத்தார். அவள்தான் பேரம் பேசி அதை வாங்கியவள். கீழே, நூல் வாங்கித் தறியில் நெய்யக் கொடுத்துத் துண்டும் போர்வையும் விற்கும் கடை, மேலே வீடு. அந்தக் கட்டடத்தைத் தவிர அவளுக்கு வேறு சொத்தும் இல்லை, வேறு பிடிப்பும் இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு மகன் கூப்பிட்ட ஊருக்கு அவள் போகாததும் அதனால்தான். வரி ஏறிக்கொண்டே போனது. அரைப் பங்கு குறைந்தால் மூச்சு விடலாம். அரை வேண்டும் என்றால் முழுசாகக் கேட்க வேண்டும். எதிராளி கால் என்பான். இழுத்துப் பிடித்தால் அரையில் வந்து நிற்கும். இதை யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. நடக்கவும் யாரும் சொல்லித் தந்ததில்லை.

அவள் முறை வந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் சலுகைப் பிரிவு அலுவலர் ஹரிணி உட்கார்ந்திருந்தாள். சின்ன வயது, தூக்கக் கலக்கம் தீராத முகம்.

"கையை வைங்கம்மா. கையெழுத்தெல்லாம் கிடையாது. நீங்க வாயால சொல்றதும் நாடி சொல்றதும் ஒத்துப் போச்சுன்னா அதுதான் பதிவு."

நாடித்தட்டு ஒரு உள்ளங்கையை மல்லாத்தி வைத்தது போலிருந்தது. மெத்தென்ற ஏதோ ஒரு பொருள். கை வைத்ததும் ஐந்து விரல்களும் அதற்குள் புதைந்தன. அது மெல்ல இறுகிப் பிடித்துக்கொண்டது. கை ஆடாமல் இருப்பதற்காம். வர்ஷினி யோசிக்காமலே தோளில் கிடந்த ஈரிழைத் துண்டை எடுத்துக் கையின் மேல் விரித்தாள்.

மாட்டுச் சந்தையிலும் மஞ்சள் மண்டியிலும் பழகியவர்களின் பழக்கம் அது. அங்கே விலை வாயால் பேசப்படுவதில்லை. வாங்குபவனும் விற்பவனும் துண்டுக்கு அடியில் கைகோப்பார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறானோ அத்தனை விலை. பாதி விரலைப் பிடித்தால் பாதி. சுற்றி நிற்பவர்களுக்கு இரண்டு முகங்களில் சிரிப்பு மட்டும்தான் தெரியும்.

"எல்லாரும் இதத்தாம்மா பண்றீங்க," என்றாள் ஹரிணி. "துண்டப் போடறீங்க, வெரல அமுக்கறீங்க. அது என்னமோ குறிச்சு வச்சுக்கிட்டே இருக்குது."

"பழக்கம் கண்ணு. துண்டு இல்லாமப் பேசுனா அம்மணமா நிக்கறாப்புல இருக்குது."

பிறகு வர்ஷினி தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தாள்.

"கடைன்னு பேருக்குத்தான் இருக்குதுங்க. காலையிலிருந்து பொழுதுக்கும் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கறேன். ஒரு சனம் எட்டிப் பாக்கறதில்லீங்க. அந்தக் கட்டடத்தச் சும்மா கொடுத்தாக்கூட வாங்கறதுக்கு ஆளில்ல. கடை செத்துப் போச்சுங்க."

சொல்லிக்கொண்டே ஐந்து விரல்களையும் தட்டில் அழுத்தினாள். முழுசு வேண்டும் என்று அர்த்தம். உண்மையில் அன்று காலை போணியே ஒரு கல்யாண வீட்டுக்காரர்களின் மொத்தக் கொள்முதல். அதைக் கட்டி அனுப்பிவிட்டுத்தான் வந்திருந்தாள். ஆனால் அவள் நாடி அசையவில்லை. அசைய என்ன இருக்கிறது? வியாபாரம் எப்படி என்று யார் கேட்டாலும் ஒன்றுமில்லை என்பதை, நல்லாயிருக்கீங்களா என்றால் நல்லாயிருக்கிறேன் என்பதைப் போல அவள் தினமும் சொல்லி வந்தாள். அந்தச் சொல் பொய்யாக இருந்த காலம் அவள் உடம்புக்கு நினைவில்லை.

மெய்யறி செந்தமிழில் பேசியது. ஆணும் இல்லாத, பெண்ணும் இல்லாத குரல். "சொல்லும் உடலும் பொருந்துகின்றன. கடை உயிரற்றது என்ற தங்கள் கூற்று ஏற்கப்பட்டது. முழுச் சலுகை வழங்கப்படுகிறது."

வர்ஷினி எழுந்திருக்கவில்லை. அடுத்த பேச்சுக்குக் காத்திருந்தாள். கால் பங்கு என்று அது சொல்லும், இவள் நெஞ்சில் கை வைப்பாள், அது கொஞ்சம் ஏறும்.

"முடிஞ்சுதும்மா," என்றாள் ஹரிணி.

"முடிஞ்சுதா? அது ஒண்ணும் கேக்கலியே?"

"நீங்க கேட்டதக் கொடுத்திருச்சு. அப்பறம் என்ன கேக்கோணும்?"

கேட்ட முதல் விலையே படிந்தால் எங்கோ தப்பு என்று வர்ஷினிக்குத் தெரியும். முன்பு ஒருமுறை இப்படி ஆகியிருக்கிறது. வடக்கிலிருந்து வந்த ஒரு வியாபாரி, துண்டு மூட்டைகளுக்கு அவள் பிடித்த முதல் விலைக்கே தலையாட்டினான். அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். மறுவாரம் நூல் விலை தாறுமாறாக ஏறியது. அவனுக்கு அது முன்பே தெரிந்திருந்தது. அன்று மூட்டையை ஏற்றி அனுப்பிவிட்டு வீதிக்குத் திரும்பியபோது எல்லாரும் கேட்டார்கள். "நல்ல விலைதான். எனக்குத் திருப்தி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். சந்தையில் தோற்றதை வீதியில் சொல்லக்கூடாது. அது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

தர்ஷன் வெளியே வரும்போது அறுந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆடாத குறையாக வந்தார். "முழுசுங்கக்கா. என்ற பாத்திரமெல்லாம் ஓட்டைன்னு சொன்னேன். அப்படியே ஒத்துக்கிச்சு. இப்படியொரு ஏமாளிய இந்த நகராட்சி எங்கிருந்து புடிச்சுது?"

அன்று வீதியில் எல்லாருக்கும் முழுசுதான். யார் எப்படி அழுதார்கள் என்று நடித்துக் காட்டி, போண்டா தின்று, சிரித்துத் தீர்த்தார்கள். வர்ஷினியும் சிரித்தாள்.

முதலில் அசைந்தது அவள் கடை இல்லை, தர்ஷன் வீடு. அவர் மகளுக்கு ஏறக்குறைய முடிந்திருந்த வரன் தள்ளிப் போயிற்று. தரகர் சுற்றி வளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில் உடைத்தார். மாப்பிள்ளை வீட்டில் சொத்தின் ஒருமதிப்பைப் பார்த்தார்களாம், பூஜ்யம் என்று வந்ததாம்.

"வரிக்காகச் சொன்னதுங்கன்னு சொன்னேன்," என்றார் தர்ஷன். "அப்ப நீங்க பொய் சொல்ற குடும்பமான்னு கேக்கறான். இல்லீன்னா ஒண்ணுமில்லாத குடும்பம், ஆமான்னா பொய் சொல்ற குடும்பம். நான் எந்தப் பக்கம் போறது?"

அப்புறம் மில்லிலிருந்து நூல் கட்டுகளோடு ஓட்டுநர் இல்லாமல் வந்த தானூர்தி, வீதி முனையிலேயே நின்று சரக்கை இறக்கிவிட்டுத் திரும்பியது. உயிரற்ற கடைக்கு வாசல் வரை போகும்படி அதற்கு உத்தரவில்லை. மில்காரர் முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்டார். நீலச் சேலை கட்டிப் போய் நின்றாள் வர்ஷினி. "உங்கள நம்பாம என்னுங்கம்மா. எனக்கு நம்பிக்கை இருக்குது, என்ற வங்கிக்கு இல்லியே," என்று பெரிய மனுஷனாகச் சிரித்தார்.

ஒருநாள் கல்யாணக் காண்ட்ராக்டர் மிதுன், கடைக்கு எதிரே நடந்து போனான். வருடத்துக்குப் பத்துக் கல்யாணத்துக்கு அவளிடம் துண்டெடுக்கிறவன். கடையைப் பார்க்காமல் நேரே போனான்.

"மிதுனு," என்று கூப்பிட்டாள்.

அவன் நின்றான். அவளைப் பார்த்தான். கனவிலிருந்து எழுந்தவன் மாதிரி இருந்தது முகம். "அட, அக்காங்களா. கடைய மூடிட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

"தொறந்த கடை முன்னால நின்னுக்கிட்டுச் சொல்றியே சாமி."

"இது சொல்லுதுங்கக்கா," என்று காதைத் தொட்டுக் காட்டினான். "இந்த வீதியில கடை எதுவும் இல்ல, அடுத்த வீதிக்குப் போங்கன்னு. திரும்பத் திரும்பச் சொல்லுது. உங்களப் பாத்துக்கிட்டு நிக்கறேன், ஆனா காலு அக்கட்டால போகுதுங்க."

உள்ளே வரச் சொன்னாள். வந்தான். கொஞ்சம் துண்டும் எடுத்தான். ஆனால் காதுக்குள் யாரோ முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறவன் எவ்வளவு நேரம் உட்காருவான்? காசைக் கொடுத்துவிட்டு, தப்பித்தவன் போல வெளியேறினான். பிறகு வரவில்லை.

நகராட்சி விளக்குகள் வீதியில் மங்கலாகின. குப்பை வண்டி வாரத்துக்கொரு முறையானது. இன்னும் கடை சாகவில்லை. பழைய ஆட்கள், காதில் ஒன்றும் மாட்டாத கிழங்கள், வெளியூர்ச் சில்லறை வியாபாரிகள் என்று ஓடிக்கொண்டுதான் இருந்தது. அது முழுசாக நிற்பதற்குள் போய் உண்மையைச் சொல்லிவிடுவது என்று வர்ஷினி முடிவு செய்தாள். சலுகை வேண்டாம், முழு வரியும் கட்டுகிறேன், மதிப்பைத் திருப்பிக் கொடு. இந்த முறை நல்ல பட்டுச் சேலை. வளையல்கள் குலுங்கின.

"வாங்கம்மா," என்றாள் ஹரிணி, சேலையைப் பார்த்துவிட்டு. "இப்படி வந்தவங்க இந்த வாரத்துல நீங்க எத்தனாவது ஆளோ."

"உண்மையச் சொல்ல வந்திருக்கறேன் கண்ணு. உண்மைய ஒத்துக்கும்ல?"

"உண்மைய மட்டுந்தாம்மா ஒத்துக்கும்."

கையை வைத்தாள். துண்டை விரித்தாள். வாயைத் திறந்தாள்.

வியாபாரம் நன்றாக நடக்கிறது. அவ்வளவுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த வாக்கியத்தை அவள் வாழ்க்கையில் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அம்மா சொல்லிக் கேட்டதில்லை, அப்பா சொல்லிக் கேட்டதில்லை, அந்த வீதியில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. கல்லா நிரம்பியிருக்கும்போது அப்படிச் சொல்வது கண் திருஷ்டியை வரவழைப்பது. கடை வாசலில் பூசணிக்காயைக் கட்டித் தொங்கவிடுவதே, யாராவது அப்படி நினைத்துவிடுவார்களோ என்றுதான்.

"வியாபாரம்..." என்றாள். நாக்கு ஒட்டிக்கொண்டது. "வியாபாரம் நல்லா... நல்லா ஓடுதுங்க. சனம் வருதுங்க. கட்டடம் நல்ல விலை போகும்."

நெஞ்சு அடித்துக்கொண்டது. உள்ளங்கை வேர்த்தது. தட்டுக்குள் விரல்கள் ஐந்தும் தனித்தனியாக நடுங்கின.

"சொல்லும் உடலும் பொருந்தவில்லை," என்றது மெய்யறி. "கூற்று பொய். முந்தைய மதிப்பு தொடரும்."

"நான் சொல்றது நெசம்," என்று ஹரிணியைப் பார்த்துச் சொன்னாள் வர்ஷினி. "கடைக்கு வந்து பாரு கண்ணு."

"பாக்கலாம்மா. ஆனா நான் பாத்தத அது கேக்காதே." ஹரிணி குரலைத் தாழ்த்தினாள். "வீட்டுல சொல்லிப் பழகிட்டு வாங்க. பதட்டம் இல்லாமச் சொன்னீங்கன்னா ஒத்துக்கும்."

ஆக, உண்மையைச் சொல்வதற்கு ஒத்திகை ஆரம்பமாயிற்று. தர்ஷனின் பாத்திரக் கடையில், குத்துவிளக்குகளுக்கு நடுவே, எதிரெதிராக உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவர் மணிக்கட்டை ஒருவர் பிடித்துக்கொண்டு நாடி பார்த்தார்கள்.

"வியாபாரம் எப்படீங்க?" என்று வர்ஷினி கேட்டாள்.

"ஒண்ணுமில்..." தர்ஷன் நிறுத்தினார். "இருங்க. மறுக்காக் கேளுங்க."

"வியாபாரம் எப்படீங்க?"

தர்ஷன் வாசலை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. "நல்லா ஓடுதுங்க," என்றார். சொன்ன கையோடு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று துப்பினார்.

"துப்பாமச் சொல்லோணும்."

"நான் எங்கீங்கக்கா துப்பறேன்? அதுவா வருது."

"நாடி குதிரையாட்டம் ஓடுது உனக்கு."

"நீங்க சொல்லுங்க பாக்கலாம்."

வர்ஷினி சொன்னாள். தர்ஷன் அவள் மணிக்கட்டை விட்டுவிட்டுத் தண்ணீர்ச் செம்பை நீட்டினார். மறுபடி சொன்னார்கள். பாட்டு மாதிரி சொன்னார்கள், வேகமாகச் சொன்னார்கள், கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள். கொஞ்சம் பழகியது போலவும் இருந்தது. ஆனால் அவர்களுக்கு நாக்கு பழகப் பழக, கடை முன்னால் நடக்கிற கால்களும் குறைந்துகொண்டு வந்தன. ஒருநாள் தர்ஷன் துப்பாமல், திக்காமல் சொல்லி முடித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"என்ன ஆச்சு? நல்லாத்தான சொன்ன?"

"இப்ப அது பொய்யுங்கக்கா," என்றார். "நேத்துலிருந்து போணியே ஆகல."

இருந்தாலும் போனார். மெய்யறி ஒத்துக்கொள்ளவில்லை. இந்தத் தடவை அது சொன்னது சரியாகவே இருந்ததுதான் கொடுமை.

மழைக்காலம் வந்தது. ஒழுகுகிற இடத்தை அடைக்க ஆள் கூப்பிட்டால், வழி தெரியவில்லை என்று ஆட்கள் திரும்பிப் போனார்கள். நூல்கடை வீதியில் ஒவ்வொரு கதவாக இறங்கியது. இறங்கிய கதவுகளுக்கு முன்னால் வழிச்சொல்லிகளுக்குக் கட்டுப்பட்ட கூட்டம் அடுத்த வீதியை நோக்கிப் போய்க்கொண்டே இருந்தது. வீட்டை விட்டு இறங்கும்போதெல்லாம் வர்ஷினியின் காதுக்குள்ளும் அந்தக் குரல் சொன்னது: இங்கே எதுவும் இல்லை, அடுத்த வீதிக்குச் செல்லுங்கள். ஒருநாள் தன் கடைச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே தன் கடையைத் தாண்டிப் போய்விட்டாள். அன்றைக்குக் கம்மலைக் கழற்றி அலமாரியின் அடித்தட்டில், நீலச் சேலைக்கு மேல் வைத்தாள்.

பிறகு நகராட்சியிலிருந்து அழைப்பு வந்தது. மதிப்பில்லாத சொத்துகளை நகராட்சியே வாங்கிக்கொள்ள முன்வந்திருக்கிறது, விருப்பமுள்ளவர்கள் வந்து பேசலாம். 'பேசலாம்' என்ற சொல்லை வர்ஷினி பலமுறை படித்தாள். இத்தனை நாளாய் அந்தச் சொல்லைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தாள். விற்க அவளுக்கு எண்ணமில்லை. ஆனால் பேரம் என்று ஒன்று தொடங்கினால், விலை என்று ஒன்று இருக்கிறது என்றாகிவிடும். அது ஒரு விலை சொன்னால் அதுவே மதிப்பு. அதை வைத்து நாளைக்கு வங்கியிடம் பேசலாம், மில்காரரிடம் பேசலாம். கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிட வேண்டியது.

கூடத்தில் வீதியின் மிச்சமெல்லாம் வரிசையில் நின்றது. யாரும் யார் சேலையைப் பற்றியும் பேசவில்லை. எல்லாரும் வர்ஷினியைத்தான் முதலில் அனுப்பினார்கள். அவள் எத்தனைக்கு முடிக்கிறாளோ அதுதான் வீதிக்கு விலை. எல்லாருக்கும் அது தெரியும். அவர்கள் கண்கள் அவள் முதுகில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தன.

"சம்மதம் இருந்தா மட்டும் விலை புடிச்சிருக்குன்னு சொல்லுங்கம்மா," என்றாள் ஹரிணி. ஏனோ அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "முன்னாடி சொன்னதுதான். வாயும் நாடியும் ஒத்துப் போச்சுன்னா பதிவாயிரும். இடையில நான் எதுவும் செய்ய முடியாது."

வர்ஷினி கையை வைத்தாள். துண்டை விரித்தாள். தட்டு விரல்களைப் பிடித்துக்கொண்டது.

"வாங்கம்மா, உக்காருங்க," என்றது மெய்யறி.

வர்ஷினி ஹரிணியைப் பார்த்தாள். பேசியது அவள் இல்லை. குரல் பழையதுதான், ஆணும் இல்லாத, பெண்ணும் இல்லாத குரல். பேச்சு மட்டும் நூல்கடை வீதிப் பேச்சு.

"என்னத்தம்மா சொல்றது, நகராட்சிக்கும் பொழப்பு ஒண்ணுமில்லீங்க. காலையிலிருந்து ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கறோம். அந்தக் கட்டடத்தச் சும்மா கொடுத்தாக்கூட வாங்கறதுக்கு ஆளில்ல. உங்க மூஞ்சிக்காகத்தான் கேக்கறோம்."

துண்டுக்கு அடியில் தட்டு நான்கு விரல்களையும் விட்டது. சுண்டுவிரலை மட்டும் பிடித்தது. ஐந்து விரல் என்பது கட்டடத்தின் நல்ல காலத்து விலை. அதில் ஐந்தில் ஒரு பங்கு.

வர்ஷினி சிரித்தாள். பழக்கம். பேச ஆள் கிடைத்துவிட்ட சந்தோஷம்கூடக் கொஞ்சம் இருந்தது. பதிலுக்கு ஐந்து விரல்களையும் அழுத்தினாள்.

தட்டு சுண்டுவிரலையே பிடித்திருந்தது.

நான்கை அழுத்தினாள். நான்கு என்றால் எதிராளி இரண்டுக்கு வர வேண்டும். அது முறை. அங்கிருந்து மூன்றுக்கும் இரண்டுக்கும் நடுவே எங்கேயாவது கை குலுக்கலாம்.

தட்டின் பிடி நகர்ந்தது. சுண்டுவிரலின் அடியை விட்டுவிட்டு நுனியை மட்டும் பிடித்தது. பாதி.

அவள் இறங்க இறங்க அது ஏறவில்லை, அதுவும் இறங்கியது. வர்ஷினி தன் விரல்களால் எதிராளியின் கையைத் தேடினாள். பேரத்தில் அதுதான் முக்கியம். எதிர்க்கை வேர்க்கிறதா, ஒரு துடிப்பு கூடுதலாகத் துடிக்கிறதா, வேண்டும் என்கிற ஆசை எந்த விரலில் இருக்கிறது என்று பார்ப்பது. தட்டு வெதுவெதுப்பாக இருந்தது. அது அவள் கையின் சூடு. துடிப்பு இருந்தது. அதுவும் அவளுடையதுதான். துண்டுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை.

"கட்டுப்படியாகாதுங்கம்மா," என்று அது பரிவோடு சொன்னது. "எங்களுக்கே நட்டந்தான்."

போதும் என்று வர்ஷினி தீர்மானித்தாள். கடை இருக்கட்டும். ஒழுகட்டும். கிழங்கள் வரும்வரை வரட்டும், அப்புறம் அதற்குள்ளேயே இருந்துகொள்ளலாம். விற்கப் போவதில்லை. அந்த முடிவு வந்ததும் நெஞ்சு அமைதியாயிற்று. கையை உருவிக்கொண்டு எழப் போனாள். மெத்தைக்குள்ளிருந்து விரல் வெளிவரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அந்தக் கொஞ்ச நேரத்தில், பின்னாலிருந்து தர்ஷன் பொறுக்க முடியாமல் எட்டிக் கேட்டார். "என்னுங்கக்கா, எப்படிங்க? நல்ல விலைங்களா?"

வீதி முழுவதும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. வர்ஷினி திரும்பினாள். முகத்தில் சிரிப்பு தானாக வந்து உட்கார்ந்தது. சந்தையில் தோற்றுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் வருகிற அதே சிரிப்பு. வாயும் தானாகவே பேசியது, திக்காமல், ஒரு துடிப்புக்கூடப் பிசகாமல்.

"நல்ல விலைதான் தர்ஷா. எனக்குத் திருப்தி."

"சொல்லும் உடலும் பொருந்துகின்றன," என்றது மெய்யறி, பழைய செந்தமிழில். "சம்மதம் ஏற்கப்பட்டது."

சுண்டுவிரலின் நுனியைத் தட்டு விடுவித்தது. ஹரிணி மேசையைப் பார்த்துக்கொண்டே துண்டை மடித்து அவளிடம் நீட்டினாள்.

"அக்காவே திருப்திங்கறாங்க, அப்பறம் என்ன," என்று சொல்லிக்கொண்டே தர்ஷன் முன்னால் வந்தார். உட்கார்ந்தார். தோளிலிருந்து தன் துண்டை எடுத்து உதறினார்.